சிக்னலில் நடுங்கிய கார்: மூன்று முறை பணம் வாங்கினார்கள், கோளாறு இருந்த இடத்தை ஒருமுறையும் தொடவில்லை

பெங்களூரில் பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். 17,500 ரூபாய் போனது எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் பணத்துக்காக மட்டும் இதை எழுதவில்லை. பிரேக்குக்குத் துணை நிற்கும் குழாயில் வெடிப்பு இருந்த வண்டியை, "எல்லாம் சரியாகிவிட்டது" என்று சொல்லி மூன்று முறை என் கையில் கொடுத்தார்கள். அந்த வண்டியின் பின் சீட்டில் என் அம்மா உட்கார்ந்து வந்தார்.

வண்டி 2008 மாடல், நான்கு சிலிண்டர், 1.1 லிட்டர். அப்பா வாங்கியது. பதினைந்து ஆண்டு முடிந்தபோது, 2023இல், 5,000 ரூபாய் புதுப்பிப்புக் கட்டணம் கட்டிப் பதிவை நீட்டித்தேன். அப்பா நினைவாக இருக்கும் வண்டியைப் பழைய இரும்புக்குப் போட மனம் வரவில்லை.

கோளாறு இப்படித்தான் தொடங்கியது. சிக்னலில் நின்றால் ஸ்டீயரிங் நடுங்கும். ஏசியைப் போட்டால் நடுக்கம் கூடும். 800ஐ ஒட்டி நிலையாக நிற்க வேண்டிய ஆர்.பி.எம். முள் 600க்கு இறங்கி 1,000க்கு ஏறும், மறுபடி இறங்கும். ஆனால் ஓசூர் ரோட்டில் 80இல் போனால் ஒரு குறையும் தெரியாது. மேம்பாலம் ஏறும்போதும் இழுவை குறையவில்லை. இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நான் ஏமாந்ததே அதை யோசிக்காததால்தான்.

வீட்டிலிருந்து பத்து நிமிடத் தொலைவில் ஒரு பட்டறை. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரைப் போடவில்லை. உரிமையாளர் என் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார். "எந்த ஊர் அண்ணா நீங்கள்?" என்றார். ஜோலார்பேட்டை என்றேன். "நாங்கள் திருப்பத்தூர்! அப்படியென்றால் நீங்கள் எங்கள் வீட்டு ஆள்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் கரைந்துவிட்டேன். என்ன காரணம் என்று கேட்கவில்லை, பில் கேட்கவில்லை, கழற்றிய பாகங்களைக் கேட்கவில்லை. வெளியூரில் நம் மொழி காதில் விழுந்தால் மனம் எப்படி இளகும் என்பது இந்த ஊரில் வாழ்பவர்களுக்குத் தெரியும். அந்த இளக்கத்தை அவர் காசாக்கினார்.

முதல் முறை நான்கு ஸ்பார்க் பிளக், திராட்டில் பாடி (எஞ்சினுக்குள் காற்றை விடும் வாய்) கிளீனிங், இன்ஜெக்டர் கிளீனிங்: 4,500. இரண்டு நாள் கொஞ்சம் அடங்கியது போலிருந்தது, பிறகு பழைய நடுக்கம். இரண்டாம் முறை பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில், பிளக் வயர்: 5,800. மூன்றாம் முறை "பெட்ரோல் பம்பில் அழுத்தம் இல்லை" என்றார், 7,200. ஒவ்வொரு முறையும் ஒரு துண்டுத் தாளில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார். இடையில் ஒருநாள், "பிரேக் கல் மாதிரி இருக்கிறது, ஓங்கி மிதிக்க வேண்டியிருக்கிறது" என்று தெளிவாகச் சொன்னேன். "பேட் தேய்ந்திருக்கும் அண்ணா, அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம்" என்றார். பானட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் டின் ஃபேக்டரி அருகே முன்னால் போன பஸ் சட்டென்று நின்றது. இரண்டு காலாலும் மிதித்தேன். பஸ்ஸின் பின்புறத்துக்கு ஒரு முழம் இருக்கும்போது வண்டி நின்றது. அம்மா ஒன்றும் பேசவில்லை. என் தோளைப் பிடித்த கையை வீடு வந்து சேரும்வரை எடுக்கவில்லை.

மறுநாள் பட்டறைக்குப் போனால், "எஞ்சினை இறக்கிப் பார்க்க வேண்டும், 45,000 ஆகும்" என்கிறார். அன்றுதான் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.

அலுவலகத்தில் ஒருவர் சொல்லி, அல்சூரில் தகரக் கொட்டகையில் வேலை செய்யும் ஒரு பெரியவரிடம் போனேன். அவர் முதலில் கேட்டது, "எமிஷன் டெஸ்ட் சீட்டு இருக்கிறதா தம்பி?" என்பதுதான். கண்ணாடியை மூக்குக்கு இறக்கி அதைப் படித்தார். கார்பன் மோனாக்சைடு குறைவாகவும் ஹைட்ரோகார்பன் மிக அதிகமாகவும் இருந்தது. "பெட்ரோல் கூடுதலாகப் போயிருந்தால் முதலாவதும் ஏறியிருக்கும். இங்கே எரியாத பெட்ரோல்தான் வெளியே வருகிறது. எங்கேயோ காற்று கள்ளத்தனமாக நுழைகிறது, ஒரு சிலிண்டர் எரியாமல் விடுகிறது" என்றார். அந்தச் சீட்டு மூன்று மாதமாக என் வண்டியிலேயே கிடந்தது!

எஞ்சினை ஓடவிட்டு, தடித்த ரப்பர் கையுறையுடன் பிளக் வயர்களை ஒவ்வொன்றாக ஒரு நொடி கழற்றி மாட்டினார். (வீட்டில் நீங்கள் செய்து பார்க்காதீர்கள், பலமாக ஷாக் அடிக்கும்.) முதல் மூன்றையும் கழற்றியபோது எஞ்சின் தடுமாறியது. நான்காவதைக் கழற்றினால் ஒரு மாற்றமும் இல்லை. அது முன்பே வேலை செய்யவில்லை என்று அர்த்தம். மூன்றாவது சிலிண்டரின் பிளக்கையும் வயரையும் நான்காவதுக்கு மாற்றிப் பார்த்தார். கோளாறு நான்கிலேயே நின்றது. "ஒன்றுக்கும் நான்குக்கும் இதில் ஒரே காயில்தான். ஒன்று நன்றாக எரிகிறதே, பிறகு எதற்குக் காயில் மாற்றினார்கள்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு, பிரேக் பூஸ்டரிலிருந்து (எஞ்சின் உறிஞ்சும் விசையைக் கொண்டு பிரேக் மிதியை இலகுவாக்கும் பாகம்) வரும் கறுப்பு ரப்பர் குழாயை, அது எஞ்சினோடு சேரும் முனையில் அடிப்பக்கமாகத் தடவினார். ஓர் இடத்தில் விரலை வைத்து அழுத்தினார். எஞ்சின் அப்படியே அடங்கியது. முள் 800இல் நின்றது. விரலை எடுத்தார், நடுக்கம் வந்தது. மறுபடி வைத்தார், அடங்கியது. சூட்டில் இறுகிப்போன ரப்பரில் நகத்தளவு வெடிப்பு. மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

அவர் விளக்கியதை என் சொற்களில் எழுதுகிறேன். ஐட்லிங்கில், அதாவது வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும்போது, திராட்டில் ஏறக்குறைய மூடியே இருக்கும். எஞ்சின் இழுக்கும் காற்று மிகக் குறைவு, உறிஞ்சும் விசையோ மிக அதிகம். அப்போது சிறு வெடிப்பு வழியாக வரும் காற்றுகூடக் கணக்கைக் கெடுத்துவிடும். என் வண்டியில் அந்தக் குழாய் நான்காவது சிலிண்டரின் காற்றுவழி அருகே சேர்வதால் அடி அதன்மேல் விழுந்தது. வேகத்தில் திராட்டில் திறந்து காற்று ஏராளமாக வரும்போது அதே வெடிப்பு ஒரு பொருட்டே இல்லை. பெட்ரோல் பம்ப் தளர்ந்தால் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக நடக்கும்: நிற்கும்போது எஞ்சின் ஒழுங்காக ஓடும், மேம்பாலம் ஏறும்போதும் வேகமெடுக்கும்போதும் திணறும். என் வண்டி ஓசூர் ரோட்டில் குறையில்லாமல் ஓடுகிறது என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். அதைக் கேட்ட பிறகும் பம்பை மாற்றியதை அறியாமை என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பிளக்குகளைக் கழற்றியபோது இன்னொன்றும் வெளிவந்தது. புதிது என்று காசு வாங்கிய பிளக்குகளின் நடு முனை மழுங்கி உருண்டிருந்தது. உடலில் கம்பி பிரஷ் கீறல்கள். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டைப் பிளக் முனையில் வைத்துப் பார்த்தார். 1.1 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடைவெளி 1.4 இருந்தது. என் பழைய பிளக்குகளையே தேய்த்து மாட்டியிருக்கிறார்கள்.

ஜே.சி. ரோட்டில் குழாயும் கிளிப்பும் 480, பிளக் செட் 640, பெரியவரின் கூலி 500. மொத்தம் 1,620 ரூபாய்.

கிளம்பும் முன் ஒரு சோதனை சொல்லிக் கொடுத்தார். எஞ்சினை நிறுத்திவிட்டு பிரேக்கை நான்கைந்து முறை மிதியுங்கள்; மிதி கெட்டியாகும். காலை அழுத்தியபடியே எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். மிதி லேசாகக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டரிலோ அதன் குழாயிலோ கோளாறு, அந்த வண்டியை ஓட்டாதீர்கள். இன்றே செய்து பாருங்கள், அரை நிமிடம்கூட ஆகாது.

பட்டறையில் வண்டியை விடும்போது எந்தச் சிலிண்டரில் கோளாறு, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேளுங்கள். பதில் வராத இடத்தில் பாகம் மாற்ற விடாதீர்கள். கழற்றியதை வாங்கி வையுங்கள். பில் தராததே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. நான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் பதிந்திருக்கிறேன். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை, சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். பில் இல்லாவிட்டாலும் மூன்று முறையும் யு.பி.ஐ. வழியாகப் பணம் அனுப்பிய பதிவு இருந்தது, அதுவும் பிளக்குகளின் படங்களும் உதவின.

போன வாரம் பட்டறைக்காரர் அழைத்தார். 6,000 தருகிறேன், புகாரை எடுத்துவிடுங்கள் என்றார். "நாமெல்லாம் ஒரே ஊர்ப்பக்கம் அண்ணா" என்றார். 6,000 வேண்டாம், என் வண்டியில் என்ன கோளாறு கண்டுபிடித்து அந்தப் பம்பை மாற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்றேன். போனை வைத்துவிட்டார்.