ஏழு வருடம் ஓடிய பேக்கப் மென்பொருள் ஒரு நாள் "நீ யார்?" என்று கேட்டது

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் சின்னதாக ஒரு டைப்பிங், ஸ்கேனிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பத்திரம் எழுதுபவர்களுக்கு டிராஃப்ட் அடித்துக் கொடுப்பது, பழைய பிரமாணங்களை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்குவது, முக்கால்வாசி வேலை இதுதான். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் பக்கம் பிரமாணம் என்றால் நிலப்பத்திரம். 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தோம் என்பதால் அதற்கு முந்தைய பிரமாணங்கள் பெரும்பாலும் மலையாளத்தில், கொல்லம் ஆண்டு (மலையாள வருடக் கணக்கு) போட்டு, தொட்டால் உதிரும் நிலையில் வரும். ஸ்கேன் செய்து கொடுத்தபிறகு பலர் மூலத்தையே தொலைத்துவிட்டு மறுபடி என்னிடம் வந்து நிற்பார்கள். அதனால் எதையும் அழிப்பதில்லை. இப்போது டி டிரைவில் முப்பத்தோராயிரம் கோப்புகள் இருக்கின்றன.

நான் பயன்படுத்தும் பேக்கப் மென்பொருளின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இது அதை நாறடிக்க எழுதுவதல்ல, இன்னமும் அதைத்தான் வைத்திருக்கிறேன். தவிர, நான் சொல்லப்போகும் கோளாறு இந்த வகை மென்பொருள் எதற்கும் வரலாம்.

வாங்கியது 2018 ஜனவரியில். காரணம் ஒக்கி புயல். 2017 நவம்பர் 30 அன்று அடித்த காற்றில் எங்கள் தெருவில் கம்பங்கள் சாய்ந்து பல நாள் கரண்ட் இல்லை. அதுகூடப் பரவாயில்லை, கரண்ட் திரும்பி வந்தபோது வோல்ட்டேஜ் ஏறி இறங்கி, என் ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுபோய்விட்டது. அந்த வருடத்து ஸ்கேன்களில் பாதி அதோடு போயிற்று. அப்புறம்தான் ஒரு 2 டிபி வெளி டிரைவும் இந்த மென்பொருளும் வந்தன.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை மொத்தத்தையும் எடுத்துக்கொண்டால் அடுத்த நாளிலிருந்து மாறினதை மட்டும்தான் எடுக்கும், அதனால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பழைய டப்பா கம்ப்யூட்டரிலும் வேலையை இழுக்காது. மலையாளத்திலும் தமிழிலும் பெயர் வைத்த கோப்புகளை ஒழுங்காகக் கையாளும். தினமும் மதியம் 1.30-க்கு, நான் டிபன் பாக்ஸைத் திறக்கும் நேரத்துக்கு, வெளி டிரைவ் கிர்ர்ர் என்று சுற்ற ஆரம்பிக்கும், நீல விளக்கு மினுக்கும், சோறு தீர்வதற்குள் அடங்கிவிடும். ஆறேமுக்கால் வருடம் இப்படியே போயிற்று.

2024 அக்டோபரில், ஐப்பசி மழை இடியோடு வரும் பிற்பகல் ஒன்றில், கரண்ட் போனது. யூபிஎஸ் பேட்டரி கிழடாகிவிட்டது எனக்குத் தெரியும், மாற்றவேண்டும் மாற்றவேண்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். ரெண்டு பீப் அடித்தது, திரை இருண்டது. கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டர் ஒழுங்காக எழும்பியது, அடித்துக்கொண்டிருந்த டிராஃப்டும் கிடைத்துவிட்டது, நானும் சாமிக்கு நன்றி சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

அதற்குப்பிறகு மதியம் அந்தக் கிர்ர்ர் இல்லை. இதை நான் கவனிக்கவில்லை என்று சொல்லமுடியாது. கவனித்தேன். "டிரைவ் இப்போ சத்தமில்லாம ஓடுதே, நல்லாத்தான் இருக்கு" என்று நினைத்துக்கொண்டு மீன்கறியைப் பிசைந்தேன். இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

இருபத்து மூன்று நாள் கழித்து ஒரு பாட்டா வந்தார். பேரனுக்கு பேங்கில் லோன், மூலப் பிரமாணம் கேட்கிறார்கள், வீட்டில் இருந்ததைச் செதல் அரித்துவிட்டது. "மக்களே, அந்த மலையாளப் பிரமாணம் உனக்க கையில கிடக்குல்லா?" என்றார். "உண்டு பாட்டா, இரியுங்க" என்று தேடினேன். கோப்பு இருந்தது, திறந்தால் வேறொருவருடைய வரி ரசீது. ரெண்டு நாள் முன்பு என் கடைப் பையன் ஸ்கேன் செய்யும்போது அதே பெயரில் மேலெழுதிவிட்டிருக்கிறான். சரி, பேக்கப்பில் இருக்குமே என்று மென்பொருளைத் திறந்தேன்.

"வருக! உங்கள் முதல் பேக்கப் பணியை உருவாக்குங்கள்" என்கிற பொருளில் ஒரு பச்சைப் பொத்தான். அவ்வளவுதான். நான் போட்டு வைத்திருந்த நாலு பணிகள், நேர அட்டவணை, விலக்கு வைத்த ஃபோல்டர்கள், ஒன்றையும் காணோம். நேற்று இறக்கி நிறுவின மாதிரி சிரித்துக்கொண்டு நின்றது.

பாட்டாவுடைய கோப்பு, விஷயம் என்னவென்றால், வெளி டிரைவிலேயே பத்திரமாக இருந்தது. ஃபோல்டரைத் திறந்து நேராகவே எடுத்தேன், ஏனென்றால் நான் தொடக்கத்திலிருந்தே சுருக்கிக் கட்டாமல் கோப்பைக் கோப்பாகவே நகலெடுக்கும் முறையை வைத்திருந்தேன். மென்பொருள் தன் சொந்த வடிவத்தில் ஒரே பெரிய கோப்பாகக் கட்டி வைத்திருந்தால் அன்று பாட்டா வெறுங்கையோடு போயிருப்பார். இடம் கொஞ்சம் கூடத்தான் பிடிக்கும், ஆனாலும் என்னைக் கேட்டால் இந்த முறையையே வையுங்கள். பேக்கப் நின்றுபோன தேதிக்கு அப்புறம் அந்தக் கோப்பு கெட்டதும் ஒரு அதிர்ஷ்டம். பேக்கப் ஒழுங்காக ஓடியிருந்தால் வரி ரசீது அங்கேயும் போய் உட்கார்ந்திருக்கும். (இதற்காகவே இப்போது பழைய பதிப்புகளை முப்பது நாள் வைத்திருக்கும்படி மாற்றிவிட்டேன்.)

இனி பழுது பார்த்த கதை. இதில் நான் செய்ய இருந்த தப்புகளைத்தான் முக்கியமாகச் சொல்லவேண்டும்.

முதல் தப்பு, அழித்துவிட்டு மறுபடி நிறுவலாம் என்று கை போனது. நீக்கும்போது "அமைப்புகளையும் (செட்டிங்ஸ்) சேர்த்து நீக்கவா?" என்று ஒரு கட்டம் வந்தது, அதில் ஏற்கனவே டிக் போட்டிருந்தது. அந்த டிக் தான் என்னை நிறுத்தியது. நீக்குகிற மாதிரி ஏதோ ஒன்று உள்ளே இன்னும் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

ரெண்டாவது தப்பை என் கடைப் பையன் செய்தான், பாவம், உதவி செய்யத்தான். நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் பச்சைப் பொத்தானை அழுத்திப் புதிய பணி ஒன்றைப் போட்டுவிட்டான். மிரர் முறை. மிரர் என்றால் மூலத்தில் இருப்பது மட்டும் நகலில் இருக்கவேண்டும், மிச்சம் எல்லாவற்றையும் அழித்துவிடும். மூலமாக அவன் காட்டியது அன்றைய வேலைக்காக அவன் திறந்த ஒரு புது ஃபோல்டர், உள்ளே ஆறு கோப்பு. போய்ச் சேரும் இடமாக பேக்கப் டிரைவின் பழைய ஃபோல்டர். முன்னோட்டத்தில் "நீக்கப்படுபவை" என்பதற்கு எதிரே முப்பதாயிரத்துச் சொச்சம் என்று எண் நின்றது. அவன் கை மவுஸில் இருந்தது. "லேய், தொடாத!" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அமைப்புகள் தொலைந்த மென்பொருளில் அவசரமாகப் புதிய பணி போடுவதுதான் இதில் ஆகப்பெரிய ஆபத்து, அமைப்பு போனதால் ஒரு கோப்பும் போகாது, அதைச் சரிசெய்கிறேன் என்று செய்வதால் எல்லாம் போகும். வெளி டிரைவைப் பிடுங்கி மேஜை டிராயரில் வைத்தேன். நீங்களும் முதலில் இதைச் செய்யுங்கள்.

அப்புறம் மென்பொருளை மூடினேன். ஜன்னலை மூடினால் மட்டும் போதாது, கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒளிந்திருக்கும் ஐகானையும் மூடவேண்டும், பின்னணியில் சர்வீஸ் ஓடினால் அதையும் நிறுத்தவேண்டும். சில மென்பொருள்கள் மூடும்போது தன் நினைவில் இருப்பதை அமைப்புக் கோப்பில் எழுதிவிட்டுத்தான் போகும், நினைவில் ஒன்றுமில்லை என்றால் அந்த ஒன்றுமில்லாததை எழுதும். என்னுடையது நல்லவேளை எழுதவில்லை.

விண்டோஸ் பொத்தானோடு ஆர் அழுத்தி, சதவீதக் குறிகளுக்கு நடுவே ஆப்டேட்டா என்று ஆங்கிலத்தில் அடித்தால் மறைந்திருக்கும் ஃபோல்டர் திறக்கும். அங்கே மென்பொருளின் பெயரில் ஒரு ஃபோல்டர். சில மென்பொருள்கள் இங்கே வைக்காமல் சி டிரைவில் புரோகிராம்டேட்டாவில் வைக்கும், அதுவும் மறைந்த ஃபோல்டர்தான். உள்ளே அமைப்புக் கோப்பு இருந்தது, 14 கேபி, தேதி கரண்ட் போன அதே நாள், அதே நேரம். அளவு சரியாக இருக்கிறதே என்று சந்தோஷத்தோடு நோட்பேடில் திறந்தேன். வெள்ளை. கர்சரை நகர்த்தினால் நகர்கிறது, ஆனால் ஒரு எழுத்து கிடையாது. பதினாலு கேபிக்கு வெற்றிடம்.

இதன் காரணம் எனக்குப் பின்னால்தான் புரிந்தது. டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்க விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் முறை, கோப்பின் பெயர், அளவு போன்ற விவரங்களை ஒரு குறிப்பேட்டில் எழுதிக் காப்பாற்றும். உள்ளே இருக்கும் சரக்குக்கு அந்தக் காவல் இல்லை. மென்பொருள் தன் அமைப்பை எழுதிக்கொண்டிருந்த நொடியில் கரண்ட் போனால், "இந்தக் கோப்பு 14 கேபி" என்கிற பதிவு டிஸ்க்கில் ஏறிவிடும், அந்த 14 கேபி ஏறியிருக்காது. திறந்தால் வெறும் பூஜ்யங்கள். நம் ஊர் மொழியில் சொன்னால் பத்திரம் பதிந்தாயிற்று, நிலம் இல்லை.

சரி, கெட்டது கெட்டது. ஆனால் கெட்ட அமைப்புக் கோப்பைப் பார்த்ததும் மென்பொருள் "ஐயா, என்னால் படிக்க முடியவில்லை" என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டாமா? ஒன்றும் சொல்லாமல் புதிதாகப் பிறந்த மாதிரி நடித்தது. விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து பார்த்தேன், அதில் 1.30 மணிப் பணி அப்படியே இருந்தது. இருபத்து மூன்று நாளும் தவறாமல் ஓடியிருக்கிறது, கடைசி முடிவு என்ற இடத்தில் வெற்றிக்கான பூஜ்யம். தினமும் மென்பொருள் எழும்பும், செய்ய எந்தப் பணியும் இல்லை என்று பார்க்கும், வெற்றிகரமாக ஒன்றும் செய்யாமல் தூங்கப்போகும். எனக்கு இந்த மென்பொருள் மேல் உள்ள ஒரே பெரிய வருத்தம் இதுதான், ஐந்துக்கு ஒன்றரை மதிப்பெண்ணை இதற்காகவே வெட்டுகிறேன்.

மீட்டது எப்படி என்றால், அந்த ஃபோல்டரில் வலது கிளிக், பிராப்பர்டீஸ், அதில் முந்தைய பதிப்புகள் என்ற பகுதி. சி டிரைவுக்கு சிஸ்டம் புரொடெக்‌ஷன் இயக்கி வைத்திருந்தால் விண்டோஸ் அவ்வப்போது எடுத்து வைக்கும் மீட்புப் புள்ளிகள் அங்கே தெரியும். பல கம்ப்யூட்டர்களில் இது அணைந்தே இருக்கும், இதைப் படித்து முடித்ததும் போய்ப் பாருங்கள். எனக்கு நண்பன் ஒருவன் எப்போதோ இயக்கி வைத்திருந்தான். அக்டோபர் முதல் வாரத்துப் பிரதி ஒன்று கிடைத்தது. நோட்பேடில் திறந்தால் எழுத்து இருந்தது! அதைப் பழைய இடத்தில் போட்டு மென்பொருளைத் திறந்தேன், நாலு பணிகளும் வந்து நின்றன.

ஓட்டினால் "சேருமிடம் கிடைக்கவில்லை". டிராயரில் இருந்து எடுத்து மாட்டிய டிரைவுக்கு முன்பு எஃப் என்று எழுத்து, இப்போது அந்த எழுத்தை யாரோ வாடிக்கையாளரின் பென் டிரைவ் பிடித்துவிட்டது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் பேக்கப் டிரைவுக்கு ஆர் என்று நிரந்தரமாகக் கொடுத்து, பணிகளிலும் மாற்றினேன். ஒரு நாளைக்கு இருபது பென் டிரைவ் ஏறி இறங்கும் கடையில் பின்னால் வரும் எழுத்து ஒன்றைக் கொடுப்பதுதான் நல்லது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எல்லாருக்கும் கோப்பு கெட்டுத்தான் அமைப்பு போகும் என்றில்லை. மார்த்தாண்டத்தில் ஆல்பம் டிசைன் செய்யும் நண்பன் ஒருவனுக்கும் இதேபோல் ஆயிற்று, அவன் விஷயத்தில் விண்டோஸ் தற்காலிகக் கணக்கில் திறந்திருந்தது, டெஸ்க்டாப்பே காலியாக இருந்தது. ரீஸ்டார்ட் செய்ததும் எல்லாம் திரும்பி வந்தது. வேறொரு யூசர் பெயரில் உள்ளே போனாலும் அந்தக் கணக்கின் ஆப்டேட்டாவில் தேடிவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லும். ஆகவே எந்தக் கணக்கில் இருக்கிறீர்கள் என்று பார்த்துவிட்டு வெப்ராளப்படுங்கள்.

இப்போது என் ஏற்பாடு இப்படி. அமைப்பு ஃபோல்டரை ரோபோகாப்பி மூலம் நகலெடுக்க ரெண்டு வரி பேட்ச் கோப்பு (கட்டளைகளை எழுதி வைத்த கோப்பு) ஒன்று, அது பேக்கப் மென்பொருளை நம்பாமல் தனியாக ஓடும். ரோபோகாப்பி விஸ்டா காலத்திலிருந்தே விண்டோஸோடு வருவது, தனியாக நிறுவ வேண்டாம். அதிலும் மிரர் கட்டளை உண்டு, நான் அந்தப் பக்கமே போகவில்லை. தேதி போட்ட ஃபோல்டருக்குள் சேர்த்துக்கொண்டே போகும், மொத்தமே சில கேபிதானே. நாலு பணிகளின் அமைப்புத் திரையையும் படம் பிடித்து ஏ4 தாளில் பிரிண்ட் எடுத்து லேமினேட் செய்து சுவரில் ஒட்டியிருக்கிறேன், லேமினேஷன் மிஷின் கடையில் சும்மாதானே கிடக்கிறது. பாஸ்வேர்டு வைத்த பணி ஒன்று உண்டு, அதன் பாஸ்வேர்டு மட்டும் வீட்டு நோட்டில். அமைப்புக் கோப்பை வேறு கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோனால் பாஸ்வேர்டு கூடவே வரவில்லை, மறுபடி அடிக்கவேண்டியிருந்தது, பழைய விண்டோஸ் 10 மிஷினை மாற்றியபோது இதைத் தெரிந்துகொண்டேன்.

யூபிஎஸ் பேட்டரியையும் மாற்றிவிட்டேன், கேட்காதீர்கள், அதைத்தான் முதலில் செய்திருக்கவேண்டும்.

தயாரித்தவர்களுக்கு நடந்ததை எழுதினேன். ரெண்டு நாளில் மரியாதையாகப் பதில் வந்தது, புதிய பதிப்பில் அமைப்புகளைத் தானாகவே பிரதி எடுக்கும் வசதி இருக்கிறதாம். தேடிப் பார்த்தேன். கூடுதல் அமைப்புகள், அதில் மூன்றாவது பக்கம், ஆகக் கீழே ஒரு சின்னக் கட்டம், டிக் இல்லாமல் இருந்தது. டிக் போட்டேன். நேற்று மதியம் 1.30-க்கு டிரைவ் கிர்ர்ர் என்றது, நான் டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு எழுந்துபோய் நீல விளக்கைப் பார்த்துவிட்டு வந்துதான் சோறு தின்றேன்.