மஞ்சள் படலத்துக்கு ஏழு தடவை காசு கட்டினேன்

பெயர் போடாமல் எழுதுகிறேன். கிளிநொச்சிக்குக் கிழக்கே வயல் செய்கிறவன், நாற்பது தாண்டியவன் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் சிறுபோக நேரம் ஆணுறுப்பு முன்தோலின் நுனி வெடிக்கத் தொடங்கியது. கழுவினால் எரிவு. பின்னுக்கு இழுக்க முடியாத இறுக்கம். நுனியைச் சுற்றி வளையம் மாதிரி வெள்ளையாகத் தடித்திருந்தது. பெரியாஸ்பத்திரிக்குப் போயிருந்தால் ஒரு சதம் செலவில்லை. ஆனால் மச்சாளுக்கு அங்கேதான் வேலை. என் கிளினிக் கொப்பி அவள் கையில் போய்விடுமோ என்ற வெட்கத்தில், ஏ9 வீதியோரம் போர்டு போட்டிருந்த ஒரு தனியார் இடத்தில் ஏறினேன்.

அங்கிருந்தவர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு ஒரு டியூப் தந்தார். முடிய முடிய அங்கேயே வாங்கி நாலு மாதம் பூசினேன். பூசினால் அடங்கும், விட்டால் திரும்ப வரும். அதில் கடும் ஸ்டீரொயிட் இருந்தது பிறகுதான் தெரியும். கணக்காகப் பூசினால் அது நல்ல மருந்துதானாம். எனக்குக் கணக்கு யாரும் சொல்லவில்லை. தோல் மெலிந்து இன்னும் கூட வெடித்தது.

பிறகு, “முன்தோலை வெட்டினால் சரி, பத்து நாளில் லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் ஓடலாம்” என்றார்கள். 65,000 ரூபாய். வெட்டும் முன் இரத்தத்தில் சீனி பார்க்கவில்லை. அதுவரை ஒரு கோளாறும் இல்லாத ஆம்பிளைக்கு நடுவயதில் முன்தோல் வெடித்து இறுகினால் முதலில் பார்க்க வேண்டியதே சீனியைத்தான். எனக்கு அது தெரியாது, சரி. காசு வாங்கியவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

வெட்டினது சுத்தமாகத்தான் வெட்டினார்கள், அதில் குறை சொல்லமாட்டேன். ஊசி போட்டு மரத்துப்போகப்பண்ணி, தையல் போட்டு, கட்டி அனுப்பினார்கள். வீட்டில் என்ன செய்வது, என்னவெல்லாம் வரும் என்று ஒரு துண்டுக் கடதாசிகூடத் தரவில்லை.

மூன்றாம் நாள் கட்டு அவிழ்த்தால் முன்தோல் மூடியிருந்த மொட்டின் மேல் மஞ்சளாக ஒரு படலம். கீழ்ப்பக்கம் நெல்லிக்காய் அளவுக்கு வீக்கம். பயந்து போன் எடுத்தேன். “கிருமி பிடித்துவிட்டது, உடனே வாங்கோ.” போனால், காய்ந்து ஒட்டியிருந்த துணியைப் பிய்த்து, ஸ்பிரிட்டால் மஞ்சளைச் சுரண்டி, ஒரு ஊசி. 3,500. சுரண்டின இடத்தில் இரத்தம் வரும், இரண்டு நாளில் திரும்ப மஞ்சள் படியும், திரும்பப் போவேன். இப்படி ஏழு தடவை.

இடையில் முள்ளியவளைப் பக்கத்து முஸ்லிம் நண்பர் ஒருவரிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். “தம்பி, என்ட மகனுக்கும் இப்படித்தான் மஞ்சளா இருந்தது. காய்ச்சல் இருக்கா? நாத்தம் இருக்கா? இல்லையெண்டா சுரண்டாம விடுங்க” என்றார். அவர் சின்னப்பிள்ளையின் கதையைச் சொல்கிறார், எனக்கு எப்படிப் பொருந்தும் என்று விட்டுவிட்டேன்.

பத்து நாள் என்றார்களே என்று பதினொன்றாம் நாள் லாண்ட்மாஸ்டரில் ஏறினேன். வரம்பில் இரண்டு குலுக்கல், கீழ்த்தையல் விட்டு சாரம் நனைந்துவிட்டது. அதற்கும் அவர்களே கட்டுப் போட்டார்கள், அதற்கும் காசு. நாலாம் கிழமை மொட்டின் தோல் மினுக்கம் போய்க் காய்ந்து உரியத் தொடங்கியது. தையல் ஓடிய கோட்டுக்கு மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம். “தோல் செத்துக்கொண்டு வருகுது” என்று சொல்லி 9,800 ரூபாய்க்கு இன்னொரு டியூப்.

அதோடு பெரியாஸ்பத்திரி சத்திரசிகிச்சை கிளினிக்குக்குப் போனேன். டொக்டர் முதல் கேட்டதே சீனியை. வெறும் வயிற்றில் 214. 126 இருந்தாலே நீரிழிவு. காயம் ஆறாமல் இழுத்ததில் பாதி அதனால்தான் என்றார்.

மிச்சமும் டொக்டர் சொல்லித்தான் தெரியும். நான் காசு கட்டின மஞ்சள் படலம் சீழ் இல்லை, புண்ணை மூட உடம்பே போடுகிற போர்வை. சுரண்டச் சுரண்ட ஆறுவது பிந்தும். கீழ்ப்பக்க வீக்கம்தான் கடைசியாக வற்றும், கிழமைக் கணக்கில் இருக்கும். கரையும் நூல் இரண்டு மூன்று கிழமையில் தானாக விழும். மொட்டின் தோல் இவ்வளவு காலமும் உள்உதடு மாதிரி ஈரத்தில் மூடிக் கிடந்தது. வெளியில் வந்தால் காயும், மங்கும். சாரம் பட்டாலே கூசுகிற கூச்சம் மெல்ல அடங்கும். உள்தோலும் வெளித்தோலும் சேர்கிற இடத்தில் நிறம் இரண்டாகத்தான் தெரியும். தழும்பு கயிறு மாதிரி இருந்து சில மாதத்தில் இளகும். இதில் ஒன்றுக்கும் டியூப் தேவையில்லை. மனைவியோடு சேர்வதற்கு ஆறு கிழமை பொறுக்க வேண்டும். நிற்காத இரத்தம், காய்ச்சல், பரவுகிற சிவப்பு, நாற்றச் சீழ், சிறுநீர் போகாமல் அடைப்பது, இவை வந்தால் மட்டும் ஒரு நிமிடம்கூடப் பொறுக்காமல் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள்.

பிறகு டொக்டர் கேட்டார்: “வெட்டின தோலை எங்கே சோதனைக்கு அனுப்பினவை?”

எங்கேயும் இல்லை. வாளிக்குள் போயிருக்கும். அந்த வெள்ளை வளையம் ஒரு தோல் நோயாக இருக்கலாமாம். சிறுநீர் வாயிலிலும் வந்து அதைச் சுருக்கலாம், அபூர்வமாகப் புற்றுநோய் வரைக்கும் போகலாம். அதனால்தான் அப்படிப்பட்ட தோலை ஆய்வுகூடத்துக்கு அனுப்புவது வழக்கம். இப்போது தோல் இல்லை, விடையும் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டச் சொல்லியிருக்கிறார். வருத்தமில்லாததற்கு ஏழு தடவை காசு வாங்கினவர்கள், வருத்தமாக இருக்கக்கூடிய ஒன்றே ஒன்றைக் குப்பையில் போட்டுவிட்டார்கள்.

2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் மருத்துவ நிலையங்கள் பதிவு செய்திருக்க வேண்டும். உள்ளே போகும் முன் பதிவைக் கேளுங்கள், ஒவ்வொரு தடவையும் பில் கேட்டு வாங்குங்கள். முறைப்பாடு செய்யலாம் என்று நான் தேடினபோது கையில் இருந்தது கொப்பி ஒற்றையில் எழுதின தொகைகள் மட்டும். பெயர் இல்லை, முத்திரை இல்லை.

அன்றைக்குக் கிளினிக் வாங்கில் இருக்கும்போது தள்ளுவண்டியோடு மச்சாள் வந்துவிட்டாள். “என்ன அத்தான், சீனிக் கிளினிக்கே?” என்றாள். ஓம் என்றேன். அது பொய்யும் இல்லை.