ஃபிஃப்த் வீலுக்குப் பின்னால் படகையும் இழுப்பதா, வேறு வழி பார்ப்பதா?

முன்னால் பிக்கப் டிரக், அதன் பின்பெட்டியில், பின் அச்சுக்கு மேலே மாட்டிய ஃபிஃப்த் வீல் கேம்பர் (இழுத்துப்போகிற வீட்டு வண்டி), அதற்கும் பின்னால் படகு டிரெய்லர். மூன்றையும் ஒரே கோர்வையாக ஓட்டிப் போகலாமா என்ற கேள்வி, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் கேம்பரும் படகும் வைத்திருக்கிற எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் வந்துவிடும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் வண்டி ஓட்டுகிறவர் இன்னொருவர் இருந்தால் இது வேண்டாம். இல்லையென்றாலும், முன்னால் இழுக்க முடியுமா என்று மட்டும் பார்க்காமல், பின்னால் எடுக்க முடியுமா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சட்டம் இங்கே அனுமதிக்கிறது. நடுவில் இருப்பது ஃபிஃப்த் வீலாக இருக்க வேண்டும், மொத்த நீளம் 70 அடியைத் தாண்டக் கூடாது, ஓட்டுநருக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும், வார நாட்களில் காலையும் மாலையும் நெரிசல் நேரத்தில் மினியாபொலிஸ் - செயின்ட் பால் சுற்றுவட்டார ஏழு கவுண்டிகளுக்குள் ஓட்டக் கூடாது. 70 அடி நிறைய என்று தோன்றும், கணக்குப் போட்டால் அப்படியில்லை. டிரக்கின் மூக்கிலிருந்து பின் அச்சு வரை சுமார் 17 அடி, கேம்பர் 30 அடி, 16 அடிப் படகுக்கான டிரெய்லர் அதன் ஏர்க்காலும் (முன்வண்டியில் மாட்ட நீண்டிருக்கும் கம்பம்) படகின் மோட்டாரும் சேர்ந்து 20 அடி என்று வைத்துக்கொண்டால் 67 ஆகிவிட்டது. மாநில எல்லையைத் தாண்டினால் விதியும் மாறும். மிச்சிகனில் இதற்கென்று உரிமத்தில் தனியாக 'ஆர்' ஒப்புதல் வாங்க வேண்டும், கலிஃபோர்னியாவில் சாதாரண உரிமத்தோடு இரண்டு டிரெய்லர் இழுக்கவே முடியாது, கிழக்கு மாநிலங்கள் பலவற்றில் அனுமதியே கிடையாது.

டிரக்குக்கு இழுக்கிற சக்தி இருக்கிறது, படகு மொத்தமே 1,500 பவுண்டு, அப்புறம் என்ன என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அந்தப் படகின் பாரம் டிரக்கில் நேராக உட்காருவதில்லை. கேம்பரின் சக்கரங்களுக்குப் பின்னால் பத்து அடி நீட்டிக்கொண்டிருக்கிற அடிச்சட்டத்தின் நுனியில் தொங்குகிறது. சீசா பலகை மாதிரிதான், சக்கரம் நடுவில் நிற்க, பின்னால் அழுத்தினால் முன்னால் தூக்கும். கேம்பரை டிரக்கில் மாட்டுகிற கிங்பின்னிலிருந்து சக்கரம் 20 அடி, சக்கரத்திலிருந்து பின் ஹிட்ச் (படகு டிரெய்லரை மாட்டுகிற இணைப்பு) 10 அடி, படகு டிரெய்லரின் ஏர்க்கால் எடை 150 பவுண்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள். டிரக்கின் மேல் இறங்கும் எடையில் 75 பவுண்டு குறையும், கேம்பரின் அச்சில் 225 பவுண்டு கூடும். டிரக்கின் பின்பக்கம் கொஞ்சம் உயர்ந்து நிற்பதைப் பார்த்து பாரம் குறைந்துவிட்டது என்று திருப்திப்படுகிறவர்கள் கவனிக்க வேண்டியது அந்த 225-ஐத்தான், ஏனென்றால் சாமான், தண்ணீர் எல்லாம் ஏற்றிய பிறகு பல கேம்பர்களில் அச்சும் டயரும் ஏற்கனவே தாங்கும் அளவை நெருங்கியிருக்கும். இதெல்லாம் நிற்கும்போதுள்ள கணக்கு. பள்ளத்தில் விழுந்து எழும்போது அந்தப் பின் நுனி அடிக்கிற அடியில் வெல்டிங் விட்டுப்போகலாம். அதனால் பின் பம்பரில் ஹிட்ச் பொருத்துவதை யார் சொன்னாலும் கேட்காதீர்கள், அது ஸ்பேர் டயர் தாங்குவதற்கான குழாய். கேம்பரின் அடிச்சட்டத்தோடு சேர்த்துப் பொருத்திய ஹிட்ச் வேண்டும், அதற்குக் கேம்பர் தயாரிப்பாளர் ஒப்புக்கொள்கிறாரா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது ரிவர்ஸ். இரண்டு இடத்தில் மடங்குகிற கோர்வையைப் பின்னால் எடுப்பது நடைமுறையில் ஆகாத காரியம். தவறான தெருவில் திரும்பிவிட்டால், பெட்ரோல் பங்கில் வெளியேறும் வழி அடைபட்டிருந்தால், போக்குவரத்துக்கு நடுவில் இறங்கிப் படகைக் கழற்றித்தான் ஆக வேண்டும். முகாமிலும் அதே கதை, நேராக உள்ளே போய் நேராக வெளியே வரும் இடம் கிடைக்காவிட்டால் முதலில் படகைக் கழற்றிக் கையால் தள்ளி ஓரம்கட்ட வேண்டும். படகு டிரெய்லர் கண்ணாடியில் தெரியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் சின்னச் சக்கரங்கள் வேகமாகச் சுழல்வதால் பேரிங் சூடேறும், டயர் வெடித்தாலும் முன்னால் இருக்கிறவருக்கு அதிர்வு வந்து சேராது. பின்னால் கேமரா இல்லாமல் இதைச் செய்கிறவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

இன்னொரு வண்டியில் படகை இழுத்துக்கொண்டு வருவது இதற்கு நேர் எதிர். 1,500 பவுண்டை நடுத்தர எஸ்யூவி ஒன்றே இழுத்துவிடும். செலவு இரண்டு வண்டிக்கான பெட்ரோல், அப்புறம் கணவனும் மனைவியும் வழியெல்லாம் தனித்தனியாகப் போக வேண்டும். நீண்ட பயணத்தில் அது சின்ன விஷயமில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லீச் லேக், வெர்மிலியன் மாதிரி ஏரிகளுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, கேம்பரைப் போட்டுவிட்டுக் கடைக்கோ படகுத்துறைக்கோ போக ஒரு சின்ன வண்டி கையில் இருப்பதன் அருமை முதல் நாளே தெரிந்துவிடும்.

டாய் ஹாலர் பற்றியும் கேட்பார்கள். பின்பக்கம் கராஜ் வைத்த கேம்பர், மடங்குவது ஒரே இடத்தில்தான், எந்த மாநிலத்திலும் சிக்கலில்லை. நான்கு சக்கர ஏடிவி, மோட்டார் சைக்கிள் எடுத்துப்போகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. அச்சுக்குப் பின்னால் பாரம் வரும் என்று தெரிந்தே கட்டியிருப்பதால், காலியாக ஓடும்போதுதான் டிரக்கின் மேல் எடை அதிகமாக இறங்கும், டிரக் வாங்கும்போது அந்த எடையைத்தான் பார்க்க வேண்டும். 16 அடிப் படகு மட்டும் டிரெய்லரோடு அதற்குள் போகாது. ஆக மீன்பிடிக்கிறவர்களுக்கு இது பதிலே இல்லை.

தனியாகப் போகிறவருக்கு நான் சொல்வது டிரக் கேம்பர். வீடு டிரக்கின் முதுகிலேயே உட்கார்ந்துவிடும், படகு நேராக டிரக்கின் ஹிட்சில், சரிவில் ரிவர்ஸ் எடுத்து அப்படியே தண்ணீரில் இறக்கலாம். இடம் குறைவுதான், இரண்டு பேருக்கு மேல் நெருக்கும். டிரக்கின் சுமை வரம்பைக் கதவோரம் ஒட்டியிருக்கும் தாளில் பார்க்காமல் வாங்கக் கூடாது. கேம்பர் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தால் ஹிட்சுக்கு நீட்டிப்பு போட வேண்டிவரும், நீட்டினால் அது தாங்கும் எடை குறையும்.

வருடத்தில் ஒரே ஒரு வாரம்தான் ஏரியென்றால் அங்கேயே படகை வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் பிறகும் மூன்றையும் சேர்த்தே இழுப்பது என்று முடிவெடுத்தால், புறப்படுவதற்கு முன்னால் முழுச் சாமானோடு எடை மேடையில் ஏற்றி டிரக், கேம்பர், படகு மூன்றின் அச்சு எடையையும் தனித்தனியாக வாங்குங்கள். மொத்தம் டிரக்கின் கூட்டு எடை வரம்புக்குள் இருக்கிறதா என்றும், கேம்பர் அச்சில் மிச்சம் எவ்வளவு என்றும் பாருங்கள். பிரேக் விளக்கும் இண்டிகேட்டரும் கடைசி டிரெய்லர் வரை எரிகிறதா என்று ஒருவரைப் பின்னால் நிற்கவைத்துச் சோதியுங்கள். வழியில் நிற்கும்போதெல்லாம் படகு டிரெய்லரின் சக்கர மையத்தைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடு என்றால் அங்கிருந்து வண்டியை எடுக்காதீர்கள்.