பாலியூரித்தேன் என்று சொல்லி பிவிசி பை: டர்பைன் ஜெட் வைத்திருப்பவர்கள் கவனிக்க

ரிமோட்டில் பறக்கும் உங்கள் மாதிரி ஜெட்டின் உடல் அளவைக் கொடுத்து, மண்ணெண்ணெய் நிரப்பும் மென்பை டேங்க் (வளையும் எரிபொருள் பை) செய்து வாங்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள். ஒரு பைக்குக் கொடுத்த ஆர்டர்: 2.5 லிட்டர், எரிபொருளைத் தாங்கும் பாலியூரித்தேன் பிளாஸ்டிக் பூசிய நைலான், ஓரங்களில் உயர் அதிர்வெண் வெல்டிங் (ரேடியோ அலையால் உருக்கி இணைப்பது). முழுப் பணமும் முன்கூட்டியே போய்விட்டது. வந்ததோ பிவிசி, ஓரமெல்லாம் பசை. தண்ணீர் நிரப்பி, ஒரு சொட்டும் ஒழுகவில்லை என்று விற்றவரின் வீடியோ வேறு. தண்ணீருக்குக் குடம்கூடத்தான் ஒழுகாது.

மண்ணெண்ணெய் பட்டால் கதை வேறு. பிவிசியை வளைய வைக்கும் மென்மையாக்கியை அது மெல்ல உருவிவிடும். பை விறைத்து, சுருங்கி, மடிப்புகளில் விரிசல் விடும். பசை அதற்கு முன்பே இளகும். இந்தப் பை முதலில் கசிந்தது வாய்ப்பகுதியில்: துணியில் துளை போட்டு, உள்ளே தாங்கு தட்டு இல்லாமல் பித்தளை நிப்பிளை (குழாய் மாட்டும் முனையை) முடுக்கியிருக்கிறார்கள்.

அதைவிட ஆபத்தானது உள்ளே பிக்கப் (எரிபொருளை வாய்க்குக் கொண்டுவரும் குழாய்) இல்லாதது. மென்பைக்குக் காற்றுத்துளை கிடையாது. எரிபொருள் குறையக் குறையப் பை சுருங்கும், குமிழி வராது. பலரும் இதை விரும்புவதே அதற்காகத்தான். ஆனால் பையின் சுவர் வாயில் ஒட்டி அடைத்துக்கொண்டால், உள்ளே அரை லிட்டர் இருந்தும் பம்புக்கு ஒன்றும் வராது. அடுத்தது ஃபிளேம்-அவுட், அதாவது பறக்கும்போதே எஞ்சின் அணைந்துபோவது. 100 நியூட்டன் உந்துவிசை டர்பைன் முழு த்ராட்டிலில் நிமிடத்துக்கு 300 முதல் 400 மிலி குடிக்கும், அதாவது ஒரு நிமிடத்துக்கு மேலான பறத்தல் கணக்கில் இருக்கும், கையில் இருக்காது. பையின் நீளத்துக்கு, பக்கவாட்டில் துளையிட்ட குழாயோ சுருள் கம்பியோ உள்ளே இருந்தே ஆக வேண்டும். இணைப்புக்கு சிலிக்கோன் குழாய் கொடுத்தால் தூக்கிப் போடுங்கள், மண்ணெண்ணெயில் உப்பிவிடும். எரிபொருளைத் தாங்கும் விட்டான் அல்லது மஞ்சள் டைகான் குழாய் போதும்.

புகார் சொன்னதற்கு விற்றவரிடமிருந்து வந்த பதில்: "நீங்க அளவுக்கு மேல நிரப்பிட்டீங்க." காற்றுத்துளை இல்லாத பையில் இப்படிச் சொல்லித் தப்பிப்பது சுலபம், நிரப்பும் பம்பை நிறுத்தாவிட்டால் நல்ல பையும் கிழியும். அதனால் சிரிஞ்சால் காற்றை முழுக்க உறிஞ்சிவிட்டு, தராசில் வைத்து நிரப்புங்கள். 2.5 லிட்டர் என்பது ஏறக்குறைய 2 கிலோ. இந்தப் பையை ஜெட்டின் உடலுக்குள் வைத்தபோது 1.6 கிலோவிலேயே சுவர் முட்டிவிட்டது. வெட்டிய துணியின் அளவை வைத்துக் கொள்ளளவு போட்டிருக்கிறார்கள்.

பிவிசியா என்று பார்க்க ஒரு செம்புக் கம்பி போதும். எரிபொருள் படாத துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, மண்ணெண்ணெய் இல்லாத திறந்தவெளிக்குப் போங்கள். கம்பியைச் சிவக்கக் காய்ச்சித் துணியில் தொட்டு, மறுபடி தீயில் காட்டுங்கள். சுடர் பளிச்சென்று பச்சையானால் உள்ளே குளோரின் இருக்கிறது, பிவிசிதான். பாலியூரித்தேனில் அந்தப் பச்சை வராது. இன்னொரு துண்டை ஒரு வாரம் மண்ணெண்ணெயில் ஊறவைத்து உலர்த்துங்கள், விறைத்தால் வேண்டாம்.

ஆர்டருக்கு முன்பே வெல்டிங் ஓரத்தோடு ஒரு மாதிரித் துண்டு கேளுங்கள். அனுப்ப மாட்டேன் என்பவருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.