காதுக்குச் சொன்னது, கண்ணுக்கு வந்தது: மார்ட்டின் லூதர் கிங்கின் பிரசங்க நூல்

மார்ட்டின் லூதர் கிங் என்றதும் 1963 ஆகஸ்டில் வாஷிங்டன் பேரணியில் அமெரிக்கக் கறுப்பினத்தாரின் உரிமைக்காக முழங்கிய தலைவரே நம் நினைவுக்கு வருகிறார். அவர் 1954 முதல் மாண்ட்கோமரியின் டெக்ஸ்டர் அவென்யூ பாப்டிஸ்ட் சபைக்கும், 1960 முதல் தந்தையாருடன் சேர்ந்து அட்லாண்டாவின் எபனேசர் சபைக்கும் போதகராக இருந்தவர் என்பதை நாம் அறிந்திருந்தாலும் அதைப் பெரிதாக எண்ணுவதில்லை. அந்தப் போதகரைச் சந்திக்க விரும்புகிறவர்கள், பேரணி நடந்த அதே ஆண்டில் ஹார்ப்பர் அண்ட் ரோ வெளியிட்ட 'ஸ்ட்ரென்த் டு லவ்' என்னும் பிரசங்கத் தொகுப்பைக் கையில் எடுக்கலாம்.

சிறுவயது முதல் ஆலயத்தின் மரப்பலகையில் அமர்ந்து நீண்ட பிரசங்கங்களைக் கேட்டு வளர்ந்தவன் என்ற முறையில், அச்சான பிரசங்கங்கள் மீது எனக்கு எப்போதும் ஓர் அவநம்பிக்கை உண்டு. அதே தயக்கம் கிங்குக்கும் இருந்திருக்கிறது. பிரசங்கம் என்பது வாசிக்கும் கண்ணுக்காக அன்றிக் கேட்கும் காதுக்காகவே எழுதப்படுவது என்று முன்னுரையிலேயே ஒப்புக்கொள்கிறார். எதிரிகளை நேசிப்பது பற்றியது உட்பட மூன்று பிரசங்கங்கள் தாம் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலச் சிறைகளில் இருந்தபோது எழுதப்பட்டவை என்றும் அங்கேயே சொல்லிவிடுகிறார். இந்தச் செய்தியைத் தெரிந்துகொண்டபின், பகைவனை நேசி என்ற போதனையைத் தேய்ந்துபோன உபதேசம் என்று ஒதுக்கிவிட முடிவதில்லை.

நூலின் தனிச்சிறப்பு, வேதவசனத்திலிருந்து அன்றாடச் செய்திக்கு அவர் நடந்துசெல்லும் விதத்தில் இருக்கிறது. முதல் பிரசங்கம், சர்ப்பத்தின் விவேகத்தையும் புறாவின் கபடின்மையையும் ஒருங்கே கேட்கும் மத்தேயு 10:16ஐ எடுத்துக்கொள்கிறது. வசனத்துக்கு விளக்கவுரை தந்து முடித்துவிடாமல், தொலைக்காட்சியிலும் வானொலியிலும் சொன்னதாலேயே ஒரு பொருளை உயர்ந்தது என்று நம்பி வாங்குகிறவர்களையும், பதின்மூன்றாம் தளம் என்று ஒன்று இருக்கக்கூடாது என்பதற்காக அதற்குப் பதினான்கு என்று எண்ணிட்டுவிட்டு நிம்மதியாக உறங்கும் உயர்மாடிக் கட்டடங்களையும் அவர் நம்முன் கொண்டுவந்து நிறுத்துகிறார். சிரித்துக்கொண்டே படித்துவரும்போது, விளம்பரத்தை ஆராயாமல் விழுங்கும் இதே மென்புத்திதான் இனவெறிக்கும் சர்வாதிகாரிக்கும் உணவாகிறது என்ற இடத்துக்கு நம்மைக் கொண்டுவந்துவிடுகிறார். பொதுஜனக் கலாச்சாரத்தைப் பற்றிப் பேசும் போதகர்கள் பெரும்பாலும் அதைத் திட்டுவார்கள் அல்லது அதைக் காட்டிச் சபையைக் கவர முயல்வார்கள். இவரோ அதை ஒரு நோயின் அறிகுறியாகப் பரிசோதிக்கிறார்.

நல்ல சமாரியன் பற்றிய பிரசங்கம் எனக்கு மிகவும் பிடித்தது. கள்ளர்களால் அடிபட்டு எரிகோ வழியில் கிடந்தவனை ஓர் ஆசாரியனும், ஆலயப் பணியாளனான ஒரு லேவியனும் கண்டும் விலகிப்போக, சமாரியன் ஒருவன் நின்று உதவியதாக இயேசு சொன்ன உவமை அது. தாமும் மனைவியும் வாடகைக் கார் எடுத்து எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் சென்றதையும், மலைகளுக்கிடையே வளைந்து வளைந்து இறங்கும் அந்தப் பாதையைக் கண்டபிறகு இயேசு ஏன் அதைத் தேர்ந்தார் என்று புரிந்ததையும் அதில் சொல்கிறார். ஆசாரியனையும் லேவியனையும் அவர் கல்மனத்தவர்களாகத் தள்ளிவிடவில்லை; அவர்கள் பயந்திருக்கலாம் என்று இடம் கொடுக்கிறார். உதவினால் எனக்கு என்ன நேரும் என்று அவர்கள் கேட்டார்கள், உதவாவிட்டால் இவனுக்கு என்ன நேரும் என்று சமாரியன் கேட்டான் என அவர் கதையைத் திருப்பும் இடத்தில், நூறு முறை கேட்ட உவமை புதிதாகிறது. நள்ளிரவில் அப்பம் கேட்டுக் கதவைத் தட்டும் சிநேகிதனைப் பற்றிய பிரசங்கமும் இதற்கு இணையானதே. அரசுக்கு எஜமானாகவும் வேலைக்காரனாகவும் இராமல் அதன் மனசாட்சியாக இருப்பதே சபையின் வேலை என்று அதில் வாதிடுகிறவர், ஆராதனையை வெறும் கேளிக்கையாக்கிவிட்ட தம் இனத்தாரின் சபைகளையும் விட்டுவைப்பதில்லை.

எல்லாப் பிரசங்கங்களும் இந்தத் தரத்தில் இல்லை. கம்யூனிசத்தைக் கிறிஸ்தவன் எப்படிப் பார்க்க வேண்டும் என்பது பனிப்போரின் வாசனையோடு இருக்கிறது. அமெரிக்கக் கிறிஸ்தவர்களுக்குப் பவுல் கடிதம் எழுதுவதான கற்பனையும் பாதியிலேயே சலிப்பூட்டுகிறது. வேறு பிரசங்கிமாரின் நூல்களிலிருந்து, குறிப்பாக ஹாரி எமர்சன் ஃபாஸ்டிக்கிடமிருந்து, கிங் தாராளமாக எடுத்தாண்டிருக்கிறார் என்பதை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். பிரசங்கபீடத்தில் இது பழைய வழக்கம் என்றாலும், அச்சில் பெயர் சொல்லாமல் விட்டதை நான் குறையாகவே காண்கிறேன். இதைவிடப் பெரிய குறை பதிப்பாளர் பக்கம் இருக்கிறது. முதலாளித்துவத்தில் ஆழமான மாற்றம் தேவை என்ற கருத்து, காலனி ஆட்சியைத் தீமை என்று கண்டித்த சொற்கள், போருக்கும் ராணுவத்துக்கும் எதிரான பல வரிகள் ஆகியவை கையெழுத்துப் பிரதியிலிருந்து நீக்கப்பட்டன அல்லது மழுக்கப்பட்டன. நடப்பு நிகழ்வுகளைப் பற்றிய போதகரின் நூலில் அந்த நிகழ்வுகளின் கூர்முனையே வெட்டப்பட்டிருப்பதால், 1967இல் வியட்நாம் போரை வெளிப்படையாகக் கண்டித்த கிங்கை இதில் தேடுகிறவர்கள் ஏமாற நேரிடும்.

இந்நூலுக்கு வெளியே, கறுப்பின வாசகர்களுக்கான 'எபனி' இதழில் 1957-58இல் வாசகர்களின் கேள்விகளுக்கு அவர் எழுதிய பதில்கள் இருக்கின்றன. ராக் அண்ட் ரோலும் ஆலயப் பாடலும் ஒன்றாக வாசிக்கும் பதினேழு வயது இளைஞன் ஒருவனுக்கு, இரண்டும் ஒத்துப்போகாதவை என்று அவர் கறாராக எழுதினார். அவர் மிகவும் விரும்பிய, கறுப்பினத்தாரின் ஆலய இசையான காஸ்பலின் தந்தை எனப்படும் தாமஸ் டார்சியே, முன்பு பாடகி மா ரெய்னிக்குப் பியானோ வாசித்து, ஆலயத்துக்கு வெளியே ஒலித்த ப்ளூஸ் இசையில் இருந்த கலைஞர்தான் என்பதை எண்ணும்போது, விளம்பரத்தை அத்தனை நிதானமாக ஆராய்ந்தவர் இசையில் அவசரப்பட்டுவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆங்கிலம் எளிமையானது, ஆனால் பிரசங்கத்தை மூன்று தலைப்புகளாகப் பிரித்துச் சீராக ஓடும் பாணி தொடர்ந்து படித்தால் களைப்பூட்டும். வாரத்துக்கு ஒன்று என்பது சரியான அளவு. பகைவரை நேசிக்கச் சொல்லும் பிரசங்கத்தை மட்டும் படித்ததோடு விடாமல், 1957 நவம்பர் 17 அன்று டெக்ஸ்டர் சபையில் அதையே அவர் பேசிய ஒலிப்பதிவையும் கேளுங்கள். படுக்கையிலேயே இருக்கும்படி மருத்துவர் சொன்னதாகவும், பிரசங்க நேரத்துக்கு மட்டும் வந்துவிட்டு உடனே வீடு திரும்பிப் படுத்துக்கொள்வது என்ற நிபந்தனையின்பேரில் வந்திருப்பதாகவும் சொல்லித்தான் அதில் அவர் தொடங்குகிறார். புத்தகத்தில் அந்தத் தொடக்கம் இல்லை.