எர்த் நல்ஸ்கூல்: தலைக்கு மேலே 31 கிலோமீற்றர் வரை

திருகோணமலை உவர்மலையில் உயர்தர மாணவருக்குப் புவியியல் சொல்லிக்கொடுக்கிறேன். வளிமண்டலப் பாடம் வந்தால் கரும்பலகையை விட்டுவிட்டு எர்த் நல்ஸ்கூல் தளத்தைத்தான் திறப்பேன். கமரன் பெக்காரியோ உருவாக்கியது, இலவசம். அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் வானிலை மாதிரி கணிக்கும் காற்றை உலக உருண்டையின் மேல் ஓடும் கோடுகளாகக் காட்டும்.

கீழ் மூலையில் 'எர்த்' என்பதைத் தொட்டால் பட்டியல் விரியும். உயரத்துக்கான வரிசையில் எண்கள் காற்றழுத்தத்தின் அலகான ஹெக்டோபாஸ்கலில் இருக்கும்; எண் குறையக் குறைய உயரம் கூடும். கடைசி எண் 10 ஹெக்டோபாஸ்கல், அதாவது ஏறக்குறைய 31 கிலோமீற்றர். அதை அழுத்திவிட்டுத் திருகோணமலையைத் தொடுங்கள். பச்சை வட்டம் ஒன்று விழும். காற்று எத்திசையிலிருந்து, என்ன வேகத்தில் வருகிறது என்று எழுத்தில் வரும். கீழே கச்சான் காற்று அனலாய் அடிக்கும் நாளில் தரையையும் உச்சியையும் மாற்றி மாற்றிப் பாருங்கள், இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

எனக்குப் பெரிதாகப் படுவது பழைய நாட்களுக்குப் போகும் வசதி. 2013 இறுதிவரை பின்னோக்கிப் போகலாம். மத்தியகோட்டுப் பகுதியில், வளிமண்டலத்தின் அந்த உயரங்களில், ஒரு காலம் கிழக்கிலிருந்து வீசும் காற்று பிறகு மேற்கிலிருந்து வீசும்; ஒரு சுற்று முடியச் சராசரி 28 மாதம். புத்தகத்தில் இரண்டு வரியாகக் கிடக்கும் இதைப் பிள்ளைகள் கண்ணால் காண்கிறார்கள்.

ஆனால் 70இலிருந்து ஒரே தாவலில் 10க்குப் போய்விடுகிறது. 2016 தொடக்கத்தில் அந்தச் சுற்றே குழம்பி, மேல்காற்றின் (மேற்கிலிருந்து வீசுவது) நடுவே கீழ்க்காற்று (கிழக்கிலிருந்து வீசுவது) நுழைந்தது 40 ஹெக்டோபாஸ்கல் அளவில். அந்த அடுக்கு இங்கே இல்லை.

அதைவிடப் பெரிய குறை, அரையாண்டு அலைவு, அதாவது ஆறு மாதத்துக்கு ஒரு சுற்றாகக் காற்று திசை மாறுவது, முழுதாகத் தெரியாது. அதன் களம் 50 கிலோமீற்றர் உயரம். பங்குனி, புரட்டாதியை ஒட்டி அங்கே மேல்காற்று. ஆனி, மார்கழியை ஒட்டிக் கீழ்க்காற்று. 80 கிலோமீற்றரளவில் எல்லாம் தலைகீழ். ஏறக்குறைய எங்கள் அகலாங்கிலேயே இருக்கும் கேரளத்தின் தும்பா ஏவுதளத்திலிருந்து சோவியத் எம்-100 ரொக்கெட்டுகளை வாராவாரம் ஏவி அந்த உயரங்களை அளந்தார்கள். எங்கள் பிள்ளைகள் அதைப் பார்க்காமல் போவது எனக்கு மனவருத்தம்.

அதற்கு ஐரோப்பாவின் ஈஆர்ஏ5 என்ற பழைய வானிலைத் தரவை எடுங்கள். 1 ஹெக்டோபாஸ்கல் வரை (ஏறக்குறைய அந்த 50 கிலோமீற்றர்), 1940இலிருந்து உண்டு. கணக்குத் திறந்தால் போதும், காசு இல்லை. படம் மட்டும் நாமே வரைய வேண்டும்.