பேச்சுக்கு 32, அலறலுக்கு 14

நெல்லிக்குப்பத்து நண்பர் போன வாரம் கேட்டார்: "உங்கள் வீட்டில் இருக்கும் அதே சவுண்ட்பார் இப்போது நன்றாக விலை இறங்கியிருக்கிறது. நான் பார்ப்பது பேய்ப்படமும் விண்வெளிப் படமும்தான். வாங்கலாமா?" கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலையில்தான் அதை எங்கள் கடலூர் லாரன்ஸ் ரோட்டு மெக்கானிக்கிடமிருந்து இரண்டாவது தடவையாக மீட்டுக்கொண்டு வந்திருந்தேன். ஆகவே காரம் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

எத்தனை வாட், எத்தனை ஒயர் என்பதெல்லாம் அட்டைப்பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. அதை நான் திருப்பிச் சொல்லப் போவதில்லை. 2022 தீபாவளிக்கு வாங்கினேன். டிவிக்குக் கீழே நீளமாக ஒன்று, மூலையில் அடித்தொனிக்கென்று சப்வூஃபர் ஒன்று. அதன் குணத்தை அறிய வேண்டுமானால் ரிமோட்டைப் பாருங்கள். மற்ற பொத்தான்களெல்லாம் புதிதுபோல் இருக்கின்றன. ஒலியைக் கூட்டும், குறைக்கும் பொத்தான்கள் இரண்டில் மட்டும் குறி அழிந்து, ரப்பர் வழவழவென்று தேய்ந்துவிட்டது. மூன்று வருடமாக என் கட்டைவிரல் செய்த வேலை அது.

மனிதர்கள் பேசினால் 32-இல் வைக்க வேண்டும். பேய் வந்தால் 14-க்கு இறக்க வேண்டும். பேய் எப்போது வரும் என்று எனக்குத் தெரியாதே! பயந்து முடித்த பிறகுதான் விரல் வேலை செய்கிறது. அதற்குள் கீழ்வீட்டு ஐயாவுக்குச் செய்தி போய்விடும். காலையில் தண்ணீர் மோட்டார் போட இறங்கினால், "நேற்று யாரைக் கொன்றார்கள்?" என்று விசாரிப்பார். கோபமில்லாமல்தான் கேட்பார். அதுதான் கூச்சமாக இருக்கும்.

காரணம் பிறகுதான் புரிந்தது. தியேட்டரில் திரைக்குப் பின்னால் நடுவில் நிற்கும் ஸ்பீக்கர் பெரும்பாலும் பேச்சுக்கென்றே இருக்கிறது. படத்தின் ஒலியையும் அந்தக் கணக்கில்தான் பிரித்துக் கலக்குகிறார்கள். என்னுடையதில் நடு ஸ்பீக்கர் கிடையாது. இடமும் வலமும்தான். பேச்சு, இசை, இடி, அலறல் எல்லாவற்றையும் அந்த இரண்டிலேயே திணிக்கும்போது பேச்சு அடியில் போய்விடுகிறது. 'இரவு' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் பேச்சு மேலே வரும், உண்மைதான். ஆனால் மழை பெய்யும் காட்சியில் வடைச் சட்டியில் எண்ணெய் காய்கிற சத்தம் வரும்.

மழை என்றதும் 'தும்பாட்' பற்றிச் சொல்லிவிட வேண்டும். 2018-இல் வந்த இந்திப் படம். 2024 செப்டம்பரில் மறுபடி தியேட்டருக்கு வந்தபோதும் நான் தவறவிட்டேன். வீட்டில்தான் பார்த்தேன். சாபம் பிடித்த ஊர், ஓயாத மழை, பாழடைந்த மாளிகை, புதையல், பேராசை. 'இரவு' பொத்தானைத் தொடவில்லை. படம் தொடங்கிப் பத்து நிமிடம் இருக்கும். உள்ளே சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த மனைவி, மாவுக் கையோடு மொட்டைமாடிக்கு ஓடினாள், காய்ந்த துணியை எடுக்க. மேலே நட்சத்திரம் மின்னுகிறது. இறங்கி வந்து என்னைப் பார்த்த பார்வையை விடுங்கள். ஒரு பெட்டிக்கு இதைவிட என்ன நற்சான்று வேண்டும்? அந்த ஒரு மாலைக்காகக் கொடுத்த பணத்தில் பாதியை மன்னித்தேன். ஆனால் நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, அதன் பின்னால் தென்பெண்ணை பெருக்கெடுத்துக் கடலூருக்குள் வந்த பிறகு, அந்தப் படத்தை மறுபடி போட மனம் வரவில்லை. சில மாதங்களுக்கு யாருடைய மழைச் சத்தமும் வேண்டியிருக்கவில்லை.

மலையாள 'பிரமயுகம்' வேறு ரகம். முழுக்கக் கறுப்பு வெள்ளை. மம்மூட்டி சட்டை போடாத உடம்போடு ஒரு பாழ்மனையில் உட்கார்ந்து பகடை உருட்டுகிறார், சிரிக்கிறார், அவ்வளவுதான். அந்தச் சிரிப்பு என் சப்வூஃபரில் தரையோடு ஊர்ந்து வந்து காலைத் தொட்டது. "கரண்ட் வராத காலத்துப் படமா?" என்று கேட்டுக்கொண்டே வந்து உட்கார்ந்த அம்மா கடைசி வரை எழுந்திருக்கவில்லை. இந்தப் படத்தில் நான் ரிமோட்டைத் தொட்டதே குறைவு. மலையாளம் எனக்குப் பாதிதான் புரியும், ஆகவே கீழே ஓடும் எழுத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். வசனம் கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன? யோசித்துப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. இந்தி, மலையாளம், ஆங்கிலம் எல்லாம் நிம்மதியாகப் பார்க்கிறேன். தாய்மொழியில் படம் போட்டால்தான் இந்தப் பெட்டிக்காக ஆங்கில எழுத்தை ஓடவிட வேண்டியிருக்கிறது.

'டிமான்ட்டி காலனி 2' அப்படித்தான் ஆயிற்று. 2015-இல் வந்த முதல் பாகம் எனக்குப் பிடிக்கும். நான்கு பேரை ஓர் அறைக்குள் பூட்டியே பயம் காட்டிவிட்டார்கள். 2024-இல் வந்த இரண்டாம் பாகத்தில் கதை நிறைய, முழக்கம் அதைவிட நிறைய. விளக்கம் சொல்லும்போது காது கொடுத்துக் கேட்க வேண்டும், அடுத்த நொடியே காதைப் பொத்த வேண்டும். நான் பயப்படவே இல்லை. ஒரே ஓர் இடத்தைத் தவிர. ஒரு பெரிய முழக்கம் வந்ததும் சப்வூஃபரின் பக்கவாட்டு ஓட்டையிலிருந்து பல்லி ஒன்று அம்புபோல் பாய்ந்து என் பாதத்தின் மேல் ஓடியது. நான் கத்திய கத்தல் படத்திலிருந்த எல்லாரையும் தோற்கடித்துவிட்டது. மறுநாள் கீழ்வீட்டு ஐயா கேள்வி எதுவும் கேட்கவில்லை. "உடம்பு பரவாயில்லையா?" என்றார்.

இதற்கு நேரெதிர் 'யாவரும் நலம்'. 2009-இல் வந்த படம், இப்போதுதான் முழுதாக உட்கார்ந்து பார்த்தேன். மாதவன் ஏறினால் மட்டும் லிஃப்ட் நகராது. அந்த வீட்டில் அவர் போனில் தன்னைப் படமெடுத்தால் முகம் கோணலாக விழும். டிவியில் ஓடும் தொடரில் அவர் குடும்பக் கதையே நடக்கும். இரைச்சலை நம்பாமல் செய்த பயம். ஒலியை 20-இல் வைத்து, ரிமோட்டைத் தூர வைத்தேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் அம்மா மத்தியானத் தொடரைத் தனியாகப் பார்க்கவில்லை.

விண்வெளிப் பக்கம் 'இன்டர்ஸ்டெல்லார்'. பேராசிரியர் சாகும் தறுவாயில் மறைத்ததை ஒப்புக்கொள்ளும் இடத்தில், அவர் சொல்வது எதுவும் என் காதில் விழவில்லை. பெட்டியைத் திட்டினேன். பிறகு பார்த்தால், 2014-இல் தியேட்டரில் பார்த்தவர்களே இதைச் சொல்லிப் புலம்பியிருக்கிறார்கள், இயக்குநர் நோலனும் தெரிந்தேதான் அப்படி வைத்தேன் என்று சொல்லியிருக்கிறார். நியாயத்துக்கு இந்த ஒரு குற்றத்தைப் பெட்டியின் கணக்கிலிருந்து கழித்துவிடுகிறேன். லண்டன் டெம்பிள் தேவாலயத்தில் பதிவு செய்த அந்த ஆர்கன் இசை வரும்போது சமையலறை அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. அலை மலைபோல் எழும்பி வரும் இடத்தில் நான் மூச்சு விடவில்லை.

இந்தப் பெட்டிக்கென்றே எடுத்ததுபோல் ஒரு படம் உண்டென்றால் அது 'எ கொயட் பிளேஸ்'. கண் தெரியாத, சத்தத்தை வைத்தே ஆளைப் பிடிக்கும் பிராணிகள். மணல் கொட்டிய பாதையில் வெறுங்காலோடு நடந்து, சைகையில் பேசிக்கொள்ளும் ஒரு குடும்பம். மகளாக நடித்த மில்லிசென்ட் சிம்மண்ட்ஸ் நிஜத்திலும் காது கேளாதவர். பேச்சே கொஞ்சம்தான் என்பதால் என் குறைக்கு அங்கே வேலையில்லை. முறுக்கு ஒன்றைக் கடித்திருந்தேன். அந்த நிசப்தத்தில் மென்றால் ஊருக்கே கேட்கும்போல் இருந்தது. வாயிலேயே வைத்து ஊறவிட்டு, சத்தமில்லாமல் விழுங்கினேன். வெளியே தேவனாம்பட்டினம் பக்கமிருந்து கடல் இரைச்சல் வந்துகொண்டிருந்தது. மூன்று வருடத்தில் இந்தப் பெட்டி ஓடும்போது நான் கடலைக் கேட்டது அன்று ஒருநாள்தான்.

அந்தக் கடல்தான் பிறகு இதைக் கொன்றது. முதல் தடவை கொர்ரென்ற உறுமல் மட்டும். இந்தத் தடவை சப்வூஃபர் வாயே திறக்கவில்லை. கம்பெனி சர்வீஸில் உள்ளே இருக்கும் போர்டையே மாற்ற வேண்டும், 4,800 ரூபாய் ஆகும் என்றார்கள். லாரன்ஸ் ரோட்டு மெக்கானிக் திறந்து காட்டினார். ஒயர் முனைகளில் செம்பு பச்சை பூத்திருந்தது. "கடல்காற்று சார். இந்த ஊரில் மூன்று மழைக்காலம் தாங்கியதே பெரிது" என்றார். மூலையில் பல்லி முட்டையின் ஓடுகள் இரண்டு, சுண்ணாம்புத் துண்டுபோல். பழைய குடித்தனக்காரரின் அடையாளம். முனைகளை வெட்டிச் சுரண்டிப் பற்றவைத்து, ஓட்டைக்குக் கொசுவலைத் துண்டு ஒட்டி, 650 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

ஆகவே நண்பருக்கு எழுதினேன்: வாங்காதீர்கள். நடு ஸ்பீக்கர் இல்லாத எதையும் வாங்காதீர்கள். தமிழ்ப் படம் பார்க்கிறவர், கீழே ஆள் குடியிருக்கிறவர், கடலோரத்தில் இருக்கிறவர் யாரும் இதன் பக்கமே போக வேண்டாம், எவ்வளவு விலை இறங்கினாலும் சரி.

உடனே பதில் வந்தது: "அவ்வளவு மோசமென்றால் உங்களுடையதைப் பாதி விலைக்கு எனக்கே கொடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டுக்குக் கீழே யாரும் இல்லை."

மூன்று நாளாயிற்று. இன்னும் அதற்குப் பதில் எழுதவில்லை. இன்றைக்கு இரவு 'தும்பாட்' போடலாமா என்று மனைவியிடம் கேட்டேன். துணியை முதலில் எடுத்துவிட்டு வருகிறேன் என்றாள்.